மார்வெல் ஸ்னாப்: புதிதாக ஆட வருபவர்களுக்கு

ஃபேஸ்புக்கைத் திறந்தாலே விளையாட்டு அழைப்புகள் வந்து குவிந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில், 2012 மார்ச்சில், 'மார்வெல்: அவெஞ்சர்ஸ் அலையன்ஸ்' என்ற சூப்பர்ஹீரோ விளையாட்டு ஃபேஸ்புக்கிலேயே வந்தது. காசு கட்டாமல் ஆடலாம். எனர்ஜி தீர்ந்தால் அது மறுபடி ஏறும்வரை காத்திருக்க வேண்டும். நண்பர்கள் பரிசு அனுப்பினால் கொஞ்சம் வேகமாகப் போகலாம். நான்கரை வருடம் ஓடியது. 2016 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடிவிட்டார்கள். வருடக்கணக்கில் சேர்த்த ஹீரோக்கள், உடைகள், ஆயுதங்கள் எல்லாம் அன்றோடு போயின.

இதை முதலிலேயே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இலவச விளையாட்டில் நாம் சேர்ப்பது எதுவும் நமக்குச் சொந்தமில்லை. நம்மிடம் தங்குவது ஆடிய நேரத்தின் சந்தோஷமும், ஆடக் கற்றுக்கொண்ட திறமையும்தான். அதனால் யாராவது "காசு போடாமல் ஆட நல்ல சூப்பர்ஹீரோ விளையாட்டு சொல்லுங்க" என்று கேட்டால், திறமைக்கு அதிக இடம் தருகிற ஒன்றையே சொல்வேன். அது மார்வெல் ஸ்னாப்.

2022 அக்டோபரில் வந்த சீட்டு விளையாட்டு இது. செகண்ட் டின்னர் என்ற நிறுவனம் உருவாக்கியது. அதன் தலைவர்களில் ஒருவரான பென் ப்ரோட், அதற்கு முன் ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு விளையாட்டை வழிநடத்தியவர். வந்த வருடமே கேம் அவார்ட்ஸில் சிறந்த மொபைல் விளையாட்டு என்ற விருதை வாங்கியது. போனை நிமிர்த்திப் பிடித்து ஒரே கையால் ஆடலாம். ஒரு ஆட்டம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பஸ் வரும்வரை நிற்கிற நேரம் போதும்.

ஆட்டம் எப்படி நடக்கிறது

உங்களிடம் 12 கார்டுகள் கொண்ட ஒரு டெக் இருக்கும். ஒரே கார்டை இரண்டு முறை வைக்க முடியாது. ஒவ்வொரு கார்டிலும் இரண்டு எண்கள் இருக்கும். இடது மூலையில் இருப்பது விலை, அதாவது அதை இறக்க எவ்வளவு எனர்ஜி வேண்டும் என்பது. வலது மூலையில் இருப்பது பவர்.

நடுவில் மூன்று லொக்கேஷன்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் பக்கம் நான்கு கார்டு, எதிராளி பக்கம் நான்கு கார்டு வைக்கலாம். மொத்தம் ஆறு சுற்று. முதல் சுற்றில் ஒரு எனர்ஜி, இரண்டாவதில் இரண்டு, இப்படியே ஆறாவதில் ஆறு. மிச்சம் பிடித்து அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோக முடியாது. ஆறாவது சுற்று முடியும்போது எந்த இடத்தில் யாருக்குப் பவர் அதிகமோ அந்த இடம் அவருக்கு. மூன்றில் இரண்டைப் பிடித்தவர் ஜெயித்தார். ஆளுக்கு ஒன்று, மூன்றாவது சமம் என்றால் மொத்தப் பவரைக் கூட்டிப் பார்ப்பார்கள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கார்டு இறக்குவார்கள். எதிராளி என்ன வைத்தார் என்பது இருவரும் முடித்த பிறகுதான் திறக்கும். "அவன் முடிக்கட்டும்" என்று காத்திருக்கும் வேலையே இல்லை. ஆட்டம் வேகமாக ஓடுவது இதனால்தான்.

லொக்கேஷன்களும் முதலில் மூடியே இருக்கும். முதல் சுற்றில் இடது பக்கம் திறக்கும், இரண்டாவதில் நடு, மூன்றாவதில் வலது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி இருக்கும். உதாரணமாக, ஸாண்டார் என்ற லொக்கேஷனில் வைக்கும் கார்டுகளுக்குப் பவர் ஒன்று கூடும். நெகட்டிவ் ஸோனில் மூன்று குறையும். சாங்க்டம் சாங்க்டோரத்தில் கார்டே இறக்க முடியாது. டெத்ஸ் டொமைனில் வைத்த கார்டு உடனே அழிந்துவிடும். ஆனால் அங்கே வுல்வரின் என்ற கார்டை வைத்துப் பாருங்கள், அவர் அழிந்து ஏதோ ஓர் இடத்தில் எழுந்து வந்து நிற்பார். லிம்போ வந்தால் ஆட்டத்துக்கு ஏழாவது சுற்றும் உண்டு. புதிதாக வருபவர்கள் கையில் இருக்கும் கார்டையே பார்த்துக்கொண்டு லொக்கேஷனின் விதியைப் படிக்காமல் விடுகிறார்கள். முதல் பத்து ஆட்டங்களில் ஒவ்வொரு லொக்கேஷனையும் தொட்டுப் படித்துவிட்டுத்தான் கார்டைத் தொடுவேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் அதற்குத் தேவையான நேரம் தரும்.

கார்டுகளில் அடிக்கடி வரும் இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதி விளையாட்டு புரிந்த மாதிரி. 'ஆன் ரிவீல்' என்றால் கார்டு திறக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும் நடப்பது. 'ஆன்கோயிங்' என்றால் கார்டு மேஜையில் இருக்கும்வரை நடந்துகொண்டே இருப்பது. அயர்ன் மேனுக்குச் சொந்தப் பவர் பூஜ்யம். ஆனால் அவர் நிற்கும் இடத்தில் உங்கள் மொத்தப் பவரை இரட்டிப்பாக்குவார், அது ஆன்கோயிங். ஹல்க்குக்கு இந்த இரண்டும் கிடையாது. ஆறு எனர்ஜி, பன்னிரண்டு பவர், அவ்வளவுதான்.

அப்புறம் யார் கார்டு முதலில் திறக்கும் என்பதும் முக்கியம். அந்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவருடைய கார்டுதான் முதலில் திறக்கும். அவர் பெயர் ஒளிரும். காஸ்மோ என்ற நாய் நிற்கும் இடத்தில் ஆன் ரிவீல் வேலை செய்யாது. அது எதிராளியின் கார்டுக்கு முன்னால் திறந்தால்தான் தடுக்கும், பின்னால் திறந்தால் பயன் இல்லை. ஒரு வாரம் ஆடிய பிறகு இதைக் கவனிக்கத் தொடங்குங்கள், முதல் நாளே மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஸ்னாப், ரிட்ரீட்

இந்த விளையாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ரம்மி ஆடியவர்களுக்கு 'ஸ்கூட்' தெரியும். கை மோசம் என்றால் ஆரம்பத்திலேயே ஸ்கூட் சொல்லிக் கவிழ்த்துவிடலாம், 20 பாயிண்ட்தான் போகும். கொஞ்சம் ஆடிவிட்டு விட்டால் 40. கடைசிவரை பிடிவாதமாக உட்கார்ந்து மாட்டிக்கொண்டால் 80. நன்றாக ஆடுகிறவர் எல்லாக் கையையும் ஜெயிப்பதில்லை. தோற்கும் கையில் 20-உடன் எழுந்துவிடுகிறார், அவ்வளவுதான்.

ஸ்னாப்பிலும் இதே கணக்கு. பணம் கிடையாது, பந்தயம் 'க்யூப்'. ரேங்க் ஏறுவதும் இறங்குவதும் க்யூபை வைத்துத்தான். ஆட்டம் ஒரு க்யூபில் தொடங்கும். ஜெயிப்போம் என்று தோன்றினால் மேலே நடுவில் இருக்கும் க்யூபைத் தொடலாம், அதுதான் ஸ்னாப். அடுத்த சுற்றிலிருந்து பந்தயம் இரண்டாகும். எதிராளியும் ஸ்னாப் செய்தால் நான்கு. கடைசிச் சுற்று முடியும்போது இருப்பது தானாகவே இன்னொரு முறை இரட்டிக்கும். அதனால் யாருமே ஸ்னாப் செய்யாத ஆட்டம் 2 க்யூபில் முடியும், ஒருவர் செய்தால் 4, இருவரும் செய்தால் 8.

கீழே இடது பக்கம் 'ரிட்ரீட்' பட்டன். எப்போது வேண்டுமானாலும் அழுத்திவிட்டு வெளியேறலாம். அந்த நேரத்தில் இருக்கும் பந்தயம் மட்டும் போகும். எதிராளி ஸ்னாப் செய்த அதே சுற்றில் வெளியேறினால் பழைய பந்தயம்தான் போகும், ஏற்றிய பந்தயம் அல்ல. கடைசிச் சுற்றில்கூட, முடிப்பதற்கு முன் வெளியேறினால் கடைசி இரட்டிப்பு உங்களைத் தொடாது.

இதன் விளைவைப் பாருங்கள். பத்து ஆட்டத்தில் ஆறில் தோற்று நான்கில் மட்டும் ஜெயிக்கிறீர்கள். தோற்கும் ஆறிலும் ஒரு க்யூபோடு ஸ்கூட் விட்டால் 6 போகிறது. ஜெயித்த நான்கும் ஸ்னாப் செய்து கடைசிவரை போனவை என்றால் 16 வருகிறது. பாதிக்கு மேல் தோற்றும் 10 க்யூப் லாபம். இதே ஆள் பிடிவாதமாகக் கடைசிவரை உட்கார்ந்து, எதிராளி ஸ்னாப் செய்த ஆட்டங்களில் எல்லாம் நாலு நாலாக விட்டால், பத்தில் ஆறு ஜெயித்தாலும் ரேங்க் நகராது. நண்பர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் பார்த்த ஒரே பெரிய தவறு இதுதான். ரிட்ரீட்டை அழுத்துவதைத் தோல்வியாக நினைக்கிறார்கள். அந்த பட்டனும் நம் டெக்கில் இருக்கும் ஒரு கார்டு மாதிரிதான்.

சமீபத்தில் நான் ஆடிய ஓர் ஆட்டத்தின் கடைசிச் சுற்றைச் சொல்கிறேன். இடது பக்கம் எனக்கு 5, எதிராளிக்கு 9. நடுவில் எனக்கு 11, அவருக்கு 8. வலது பக்கம் எனக்கு 6, அவருக்கு 9. என் கையில் ஹல்க். வலது பக்கம் வைத்தால் 18 ஆகிவிடும். நடுவும் வலதும் எனக்கு. பார்த்தவுடன் ஜெயித்த ஆட்டம் போலத்தான் இருக்கும்.

ஆனால் அவர் ஐந்தாவது சுற்றில் ஸ்னாப் செய்திருந்தார். இரண்டு இடத்தில் பின்தங்கும் அபாயம் இருந்தும் ஏன் ஸ்னாப் செய்தார்? அவர் இறக்கியதைத் திரும்பிப் பார்த்தேன். இடது பக்கம் ஆன்ட்-மேன், நடுவில் கேப்டன் அமெரிக்கா, அயர்ன் மேன். எல்லாம் ஆன்கோயிங் கார்டு. இந்த டெக்கை ஆடுகிறவர் ஆறாவது சுற்றில் இறக்கும் கார்டு பெரும்பாலும் ஸ்பெக்ட்ரம். அது திறந்தால் அவருடைய ஒவ்வொரு ஆன்கோயிங் கார்டுக்கும் இரண்டு பவர் கூடும். நடுவில் அவருக்கு இருந்த 8 என்பது, அயர்ன் மேனால் 4 இரட்டித்து வந்த 8. இரண்டு கார்டுக்கும் இரண்டிரண்டு கூடினால் அந்த 4 எட்டாகி, அயர்ன் மேனால் 16 ஆகிவிடும். என் 11 போதாது. ஹல்க்கை வலது பக்கம் வைத்தால் வலது மட்டும்தான் எனக்கு. நடுவில் வைத்தால் நடு மட்டும். இடது பக்கம் வைத்தால் இடது மட்டும். எங்கே வைத்தாலும் ஒன்றுதான் வருகிறது. ரிட்ரீட்டை அழுத்தினேன். 4 போக வேண்டிய இடத்தில் 2 போனது. அவர் கையில் ஸ்பெக்ட்ரம் இருந்ததா என்று கடைசிவரை தெரியாது. தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு க்யூப் கொடுக்க நான் தயாராக இல்லை.

புதியவர்களுக்கு எளிய பழக்கம் ஒன்று: மூன்றாவது சுற்று முடிந்ததும் ஒரு நொடி நிறுத்தி, "எந்த இரண்டு இடத்தை நான் பிடிக்கப்போகிறேன்?" என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் ஸ்னாப் செய்யலாம். பதிலே வரவில்லை, எதிராளியும் ஸ்னாப் செய்துவிட்டார் என்றால் எழுந்துவிடுங்கள். ஆரம்பத்தில் எதிரில் ஆடுவது பல நேரம் கணினிதான், மனிதர் அல்ல. அந்த ஆட்டங்கள் ஸ்னாப் செய்து பழக நல்ல இடம்.

டெக் கட்டுவது

கையில் மூன்று கார்டோடு தொடங்கி, சுற்றுக்கு ஒன்றாக எடுக்கிறோம். ஆறாவது சுற்றில் 12-இல் 9 கார்டைப் பார்த்திருப்போம். குறிப்பிட்ட ஒரு கார்டு கைக்கு வர நான்கில் மூன்று வாய்ப்பு. குறிப்பிட்ட இரண்டு கார்டும் சேர்ந்து வர பாதிக்குச் சற்று மேல்தான் வாய்ப்பு. "இதுவும் அதுவும் வந்தால்தான் ஜெயிப்பேன்" என்று கட்டிய டெக் ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் கைவிடும். ஒரே வேலையைச் செய்யும் கார்டுகளைப் பலதாக வைப்பது நல்லது.

எனர்ஜி வீணாகாமல் இருக்க ஒன்று, இரண்டு, மூன்று விலைக் கார்டுகள் போதுமான அளவு இருக்கட்டும். ஆறு விலைக் கார்டு இரண்டுக்கு மேல் வேண்டாம். புதியவர்கள் ஹல்க் மாதிரி பெரிய ஆட்களை அடுக்கிவிட்டு முதல் மூன்று சுற்றும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

முதல் டெக்காக நான் சொல்வது ஆன்கோயிங் டெக்தான். ஆன்ட்-மேன், மிஸ்டர் ஃபென்டாஸ்டிக், கேப்டன் அமெரிக்கா, அயர்ன் மேன், ப்ளூ மார்வெல், ஸ்பெக்ட்ரம், ஆன்ஸ்லாட் என்று கார்டுகள் வந்து சேரும் வரிசையில் சேர்த்துக்கொண்டே போகலாம். மிஸ்டர் ஃபென்டாஸ்டிக்கை நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் பவர் கூடும். ப்ளூ மார்வெல் உங்கள் மற்ற எல்லாக் கார்டுக்கும் ஒன்று சேர்ப்பார். கணக்கு எல்லாம் கண்முன்னே தெரிவதால் கற்றுக்கொள்ள எளிது. இதற்கு எதிரி என்சான்ட்ரஸ். அவர் திறக்கும் இடத்தில் இருக்கும் ஆன்கோயிங் சக்தி எல்லாம் போய்விடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்காதீர்கள்.

பெரிய கார்டு ஒன்றை நம்பி ஆடினால் ஷாங்-சி வந்து அழிப்பார். ஒரு எனர்ஜிக் கார்டுகளாக நிரப்பினால் கில்மாங்கர் வந்து மொத்தமாகத் துடைப்பார். எல்லா டெக்குக்கும் ஒரு எமன் உண்டு. தோற்றதும் டெக்கை மாற்றாதீர்கள், ஒன்றையே ஐம்பது ஆட்டமாவது ஆடுங்கள்.

கார்டு சேர்ப்பது

புதிய கார்டு கிடைக்க 'கலெக்‌ஷன் லெவல்' ஏற வேண்டும். அது ஏற, இருக்கும் கார்டுகளை மெருகேற்ற வேண்டும். மெருகேற்றக் கிரெடிட்டும் அந்தக் கார்டுக்குரிய பூஸ்டரும் தேவை. பூஸ்டர் ஆட ஆட வரும். கிரெடிட் மிஷன்களை முடித்தால் வரும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புது மிஷன்கள் சேரும். கடையில் தினமும் இலவசக் கிரெடிட் இருக்கும், அதை எடுக்க மறக்காதீர்கள்.

மெருகேற்றினால் கார்டின் பலம் கூடாது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். படம் மட்டும்தான் மாறும்: முதலில் சட்டத்தை உடைத்து வெளியே வரும், அடுத்து ஆழம் தெரியும், அப்புறம் அசையும். புதிதாக வந்தவரின் ஹல்க்கும் மூன்று வருடம் ஆடியவரின் ஹல்க்கும் ஒரே ஹல்க்தான். எனக்கு இந்த விளையாட்டின்மேல் மரியாதை வந்ததே இதனால்தான்.

முதல் மெருகுக்கு 25 கிரெடிட், ஒரு லெவல் ஏறும். இரண்டாவதுக்கு 100 கிரெடிட், இரண்டு லெவல். அடுத்தடுத்து 200-க்கு நான்கு, 300-க்கு ஆறு, 400-க்கு எட்டு, 500-க்குப் பத்து. கணக்குப் போட்டால் முதல் மெருகில் லெவலுக்கு 25 ஆகிறது, மற்ற எல்லாவற்றிலும் 50. ஆக, பூஸ்டர் இருக்கும் எல்லாக் கார்டுகளுக்கும் முதல் மெருகை முதலில் போட்டுவிடுங்கள். பிடித்த கார்டை மட்டும் உச்சிவரை கொண்டுபோனால் 1525 கிரெடிட் செலவில் 31 லெவல்தான் ஏறும். அதே கிரெடிட்டைப் பரவலாகப் போட்டால் 61 லெவல்.

காசும் கணக்கும்

2025 ஜனவரியில் அமெரிக்காவில் டிக்டாக் முடங்கியபோது மார்வெல் ஸ்னாப்பும் சேர்ந்து முடங்கியது. அப்போது அதை வெளியிட்ட நுவர்ஸ், டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸுக்குச் சொந்தமானது. சில நாட்களில் திரும்பி வந்துவிட்டது. பிறகு வெளியீட்டாளரும் மாறினார். ஆனால் முந்தின நாள் காசு போட்டவர்களுக்கு அந்த இடைவெளி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் ஒரு மாதம் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம் என்பது என் கருத்து. ஆரம்பக் கார்டுகளை எல்லாரும் ஆடித்தான் பெறுகிறார்கள். அந்த அளவில் உங்களுக்கு இணையானவர்களோடுதான் ஆட்டம் விழும். அதற்குப் பிறகும் பிடித்திருந்து, சீசன் பாஸ் (ஒரு சீசனின் கூடுதல் பரிசுகளுக்காகக் காசு கட்டிப் பெறும் அனுமதி) வாங்க மனம் வந்தால், சீசன் தொடங்கியதும் வாங்காதீர்கள். கடைசி வாரம்வரை பொறுத்திருங்கள். அதுவரை நீங்கள் ஏறிய படிகளுக்கான பரிசுகள் வாங்கியவுடன் மொத்தமாகக் கிடைக்கும். சீசனின் பாதியில் உங்களுக்கு ஆர்வம் போய்விட்டால் காசும் மிச்சம்.

ஆட்டத்தின் நடுவே எதிராளியோடு பேச முடியாது, முகபாவப் படங்கள்தான். முடிந்ததும் திரையைத் தொட்டால் முஷ்டி முட்டலாம். பேச ஆள் வேண்டும் என்றால் அலையன்ஸ் என்ற ஆட்டக்காரர் குழு ஒன்றில் சேருங்கள். 30 பேர்வரை இருக்கலாம். தெரிந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து தொடங்குவது இன்னும் நல்லது. சமூக வலைத்தளங்களில் "இலவசத் தங்கம்" (தங்கம் என்பது விளையாட்டுக்குள் இருக்கும் காசு) என்று வரும் இணைப்புகளை மட்டும் தொடவே கூடாது. உங்கள் பாஸ்வேர்டைக் கேட்பவர் யாராக இருந்தாலும் அவர் உங்களுக்குக் கார்டு தரப்போவதில்லை.

நிறுவியவுடன் விளையாட்டின் அமைப்புகளுக்குப் போய்க் கணக்கை இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன் தொலைந்தால் சேர்த்ததெல்லாம் தொலையும். போனை வீட்டில் பிள்ளைகளும் எடுப்பார்கள் என்றால், பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றி வையுங்கள். முதல் ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே இந்த இரண்டையும் முடித்துவிடுங்கள்.